பூங்காவுக்கு ஒரு பெயர்

சென்ற வைகாசித் திங்களில் ஒரு மாலை. எழுவான்கரையிலே வாவியை நோக்கியமைந்த என் வீட்டுத் திண்ணையில் மாணவரின் விடைத்தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தேன். ஊர் இளைஞர் ஐவரும் ஒரு பெண்பிள்ளையும் படலையைத் திறந்துகொண்டு வந்தனர். அறுவருள் நால்வர் என்னிடம் நன்னூல் கற்றவர். கற்றதை அவருள் எத்தனைபேர் நினைவில் வைத்துள்ளார் என்பது வேறு கணக்கு. வந்தவர் அமர்ந்து, தேநீர் அருந்தி, ஊர்ப்புதினம் சில பேசி, ஈற்றில் வந்த காரியத்தைச் சொன்னார்கள். வாவிக்கரையில் பிள்ளைகளுக்கென ஒரு விளையாட்டுப் பூங்கா அமைக்கிறார்களாம். அதற்கு ஒரு பெயர் வேண்டுமாம்.

"பூங்காவில் என்னென்ன வைக்கப்போகிறீர்கள்?" என்று கேட்டேன். பெயர் கேட்டு வந்தவரிடம் பொருளை விசாரிப்பது பண்டிதர்க்குப் பிறவிக்குணம்.

ஊஞ்சல் நான்கு, சறுக்குமரம் இரண்டு, சுழலும் இராட்டினம் ஒன்று, அன்னப்பறவை வடிவில் மிதிபடகு ஆறு, ஐஸ்கிறீம் கடை, மாலையிலே பாட்டுப் போடுவதற்கு ஒலிபெருக்கி. இவை அவர்கள் தந்த பட்டியல். பெயர்ப்பட்டியலும் கையோடு இருந்தது. 'லகூன் வேர்ல்ட்' என்பது முதற்பெயர்; 'டொல்பின் லாண்ட்' இரண்டாவது; 'மீன்பாடும் பூங்கா' மூன்றாவது. மூன்றாவதை என்பொருட்டுச் சேர்த்தனர் என்பதை அவர்களது சிரிப்பே காட்டிக்கொடுத்தது.

"டொல்பின் எங்கே தம்பி?" என்றேன்.

"சுவரிலே படம் கீறுவோம் ஐயா" என்றார் ஒருவர்.

ஒரு கிழமை தவணை கேட்டு அவர்களை அனுப்பினேன். அந்த ஒரு கிழமையில் எண்ணியவற்றையே ஈண்டு எழுதுகின்றேன். சிறுவர் பூங்காவுக்குப் பெயரிடுவதும் ஒரு பொருளா என்று நகைப்பவர் இருப்பர். தம் மக்களுக்குப் பெயர் வைக்க ஏடும் எண்ணும் பார்த்து நாட்கணக்கில் அலைந்தவர்களே அவர்கள் என்பதை நான் அறிவேன்.

பெயர்களை இடுகுறி என்றும் காரணம் என்றும் பகுத்தார் பவணந்தியார். காரணம் கருதாது முன்னோர் இட்டு வழங்குவது இடுகுறி; காரணம் பற்றி வருவது காரணப்பெயர். இவ்விரண்டுக்கும் நடுவே காரண இடுகுறி என ஒன்றனையும் கொள்வர். முள்ளுடைய செடிகள் பலவாயினும் முள்ளி என்ற பெயர் ஒரு செடிக்கே நின்றுவிட்டமை இதற்கு எடுத்துக்காட்டு. வாவியோரத்துச் சதுப்பிலே கால்வைத்தவர்க்கு இவ்விலக்கணத்தை வேறு விளக்கவேண்டுவதில்லை. பூங்காவின் பெயர் இம்மூன்றனுள் எந்த வகையாகவும் இருக்கலாம். ஆனால் ஒரு பெயர் பொருந்துகிறதா பொருந்தவில்லையா என்ற வழக்குக்கு நன்னூல் மட்டும் போதாது. தொல்காப்பியத்தையும் துணைக்கழைக்க வேண்டும்.

ஏனெனில் நாம் பேசுவது வெறும் பூந்தோட்டத்தை அன்று. மரமும் இருக்கையும் உள்ள பொதுப்பூங்காவுக்குத் தலைவர் ஒருவர் பெயரைச் சூட்டிவிட்டால் வழக்கு முடிந்தது. மட்டக்களப்பு நகரின் காந்திப் பூங்காவிலே கைராட்டை எங்கே என்று எவரும் கேட்பதில்லை. நினைவு கூர்தலே அங்குப் பெயரின் வேலை. மேனாட்டார் 'தீம் பார்க்' என்று வழங்குவது இதனின் வேறானது. ஒரு கருத்தை நடுவே வைத்து, அதற்கிசையக் கட்டடமும் காட்சியும் ஆட்டமும் உணவும் அமைத்து, உள்ளே புகுந்தவரை வேறோர் உலகிற் புகுந்தவராக ஆக்குவது அது. தமிழகத்தார் இதனைப் பொழுதுபோக்குப் பூங்கா என்றும் கேளிக்கைப் பூங்கா என்றும் மொழிபெயர்த்தனர். இரண்டும் பயனைச் சொல்லுகின்றனவேயன்றி இயல்பைச் சொல்லவில்லை. கருப்பொருட் பூங்கா என்றால் இயல்பு விளங்கும். பழந்தமிழிலக்கணம் ஒன்றும் தானாகவே கைக்கு வந்து சேரும்.

அகத்திணைக்கு முதல், கரு, உரி என மூன்று பொருள் வகுத்தது தொல்காப்பியம். நிலமும் பொழுதும் முதற்பொருள். அந்நிலத்துத் தெய்வம், உணவு, விலங்கு, மரம், புள், பறை, தொழில், யாழ் ஆகியன கருப்பொருள். அங்கே நிகழும் உள்ளவொழுக்கம் உரிப்பொருள். இம்மூன்றையும் ஒரு சொல்லில் அடக்கிக் குறிஞ்சி என்றும் முல்லை என்றும் பூவின் பெயரால் வழங்கினர் நம் முன்னோர். கருப்பொருட் பூங்காவும் மனிதன் செய்துகொண்ட ஒரு செயற்கைத் திணையே. ஆகவே அதன் பெயரை உரைத்துப் பார்ப்பதற்கு இம்மூன்று வினாக்கள் போதும்: பெயர் சொல்லும் நிலமும் பொழுதும் அங்கு உளவா? பெயர் சொல்லும் மாவும் மரமும் ஆட்டமும் உளவா? பெயர் நெஞ்சில் எழுப்பும் உணர்வு, உள்ளே போனவர் பெறும் உணர்வோடு ஒத்து நடக்கிறதா?

இந்த உரைகல்லில் முதலில் தேய்த்துப் பார்க்கத்தக்கது, சென்னைக்குத் தெற்கே தாம்பரத்தை அடுத்து 1995இல் தோன்றிய கிஷ்கிந்தா. பல ஆண்டுகளுக்கு முன் அச்சகக் காரியம் ஒன்றன் பொருட்டுச் சென்னை சென்றபோது பேருந்தின் பலகணி வழியே அப்பெயர்ப்பலகையைக் கண்டு வியந்தேன். கம்பன் கிட்கிந்தை எனத் தமிழ்ப்படுத்திய சொல்லை வடவெழுத்தோடு மீட்டெழுதியிருந்தமையைப் பொறுத்துக்கொண்டேன். இராட்டினமும் நீர்ச்சறுக்கும் அலைக்குளமும் உடைய ஓரிடத்துக்கு இதிகாசத்தில் இருந்து பெயர் தேடிய துணிவு என்னைக் கவர்ந்தது. அதனை நிறுவியவர் நவோதயா அப்பச்சன். 1984இல் 'மை டியர் குட்டிச்சாத்தான்' என்ற மலையாளப் படத்தை எடுத்து, முப்பரிமாணக் காட்சியை இந்தியத் திரைக்கு முதன்முதல் கொணர்ந்தவர். திரையிலிருந்து பொருள்களைப் பாயவைத்தவர், பாய்ந்து திரிவோர் நாட்டின் பெயரைத் தேர்ந்தது இயல்பே.

முதற்பொருளைப் பார்ப்போம். இராமகாதையின் கிட்கிந்தை, துங்கபத்திரைக் கரையிலே ஆனைகுந்தி, ஹம்பிப் பகுதியாகும் என்பது மரபு. கம்பன் அக்காண்டத்தைப் பம்பைப் பொய்கையோடு தொடங்குகிறான். சில பதிப்புகளில் முதற்படலத்தின் பெயரே பம்பை வாவிப் படலம். வாவிக்கரையில் வாழும் எனக்கு அச்சொல் தரும் மகிழ்ச்சியை வாசகர் மன்னிக்க வேண்டும். நீரிலே தொடங்கும் காண்டத்தின் பெயர் நீர்விளையாட்டுப் பூங்காவுக்கு ஆகாதென்று எவர் சொல்வார்? பொழுதுதான் சற்று முரண்படுகிறது. கிட்கிந்தைக்குரிய பொழுது கார். மழை ஓயட்டும் என்று இராமன் நாளெண்ணிக் காத்திருந்த இடம் அது. பூங்காவுக்கோ கோடை விடுமுறையே கூட்டம் கூடும் பருவம். வெயிலிலே வெந்து வந்தவர்க்கு வேண்டும்போது கார்காலத்தைக் குழாயிலே திறந்துவிடுகிறார்கள் என்று கொண்டால் இம்முரணும் நயமாகிவிடும்.

கருப்பொருளிற் பொருத்தம் இன்னும் பெரிது. கிளைவிட்டுக் கிளை தாவுதல், தலைகீழாகத் தொங்குதல், உயரத்திலிருந்து குதித்தல், கூட்டமாகக் கூச்சலிடுதல் ஆகிய வானரச் செயல்கள் அனைத்தையும் இத்தகைய பூங்காக்களில் மனிதர் கட்டணம் செலுத்திச் செய்கின்றனர். பெரும்பாலான பூங்காப் பெயர்கள் உள்ளே இருப்பது யாது என்று சொல்வன. கிஷ்கிந்தா என்ற பெயரோ உள்ளே போனபின் நீ யார் ஆவாய் என்பதைச் சொல்லிவிடுகிறது. வானரத்தைத் தேடிப் போனவன் தானே வானரம் ஆகித் திரும்புகிறான். இது பெயரிட்டவர் எண்ணியிட்டதோ எதிர்பாராது அமைந்ததோ, நல்ல பெயருக்கு உரிய இலக்கணம்.

உரிப்பொருளுக்கு வரும்போதுதான் பண்டிதனுக்கு இடறுகிறது. கிட்கிந்தையின் கதை மகிழ்ச்சிக் கதையன்று. உடன்பிறந்தார் இருவர் பகைத்துப் பொருத இடம் அது. மறைந்து நின்று விடுத்த அம்பினால் வாலி வீழ்ந்ததும், அந்த அம்பு அறமா என்று இராமனையே அவன் வினவியதும், தாரை அழுததும் அங்கேதான். வெற்றி பெற்ற சுக்கிரீவன் மதுவிலே மயங்கிச் சொன்ன சொல்லை மறந்ததும், இலக்குவன் சினந்து வந்ததும் அங்கேதான். சீதையைப் பிரிந்தவன் கார்முகில் பார்த்துப் புலம்பிய இடத்தின் பெயரைப் பிள்ளைகள் களிக்கும் இடத்துக்கு இடுவது தகுமா?

தகுந்த பெயர் அதே இதிகாசத்திலே இருக்கிறது என்பது என் துணிபு. சீதையைக் கண்டுகொண்டோம் என்ற களிப்பிலே அங்கதனும் அநுமனும் உடன்வர மீண்ட வானரர், சுக்கிரீவனின் காவற்சோலையாகிய மதுவனத்திற் புகுந்து, தேனடைகளைப் பிழிந்து குடித்து, கிளைகளை முறித்து, பாடி, ஆடி, ஒருவர்மேல் ஒருவர் விழுந்து, தடுக்கவந்த காவலனாகிய ததிமுகனையும் புடைத்தனர் என்று வான்மீகியார் சுந்தரகாண்டத்திலே விரிவாகச் சொல்லுகிறார். இராமாயணம் முழுவதிலும் கவலையற்ற விளையாட்டு என்று ஒன்று உண்டாயின் இதுவே. சோலை உண்டு, தேன் உண்டு, வானரம் உண்டு, காவற்காரனையும் சேர்த்து எல்லாம் உண்டு. மதுவனம் என்று பெயரிட்டிருந்தால் முதல், கரு, உரி மூன்றும் ஒத்திருக்கும்.

இவ்வாறு எண்ணி மகிழ்ந்திருந்த எனக்கு ஒரு தடை வந்தது. அந்த அறுவருள் வந்த பெண்பிள்ளை மறுநாள் நூல் ஒன்று இரவல் வாங்க வந்தாள். அவளிடம் இந்த வாதத்தைப் பெருமையோடு எடுத்துரைத்தேன். முழுவதும் கேட்டுவிட்டு, "ஐயா, கிஷ்கிந்தா என்றால் சின்னப் பிள்ளைகள் குரங்கைத்தானே நினைப்பார்கள்; வாலியை நினைப்பார்களா? மதுவனம் என்று பலகை போட்டால் பெரியவர்கள் வேறு கடை என்றல்லவா நினைப்பார்கள்?" என்றாள்.

விடை சொல்ல எனக்கு வாய் எழவில்லை. மது என்ற சொல் தேனை விட்டுக் கள்ளுக்கு நகர்ந்து நெடுங்காலமாயிற்று. பெயர், அகராதியில் உள்ள பொருளால் மட்டும் வாழ்வதன்று. கேட்பவன் காதிலே அன்றைக்கு என்ன பொருள் விழுகிறதோ அதனாலும் வாழ்கிறது. தமிழ்நாட்டுத் தாய் குறும்பு செய்யும் மகனை வானரப்படை என்று வையும்போது வாலிவதையை எண்ணி வைவதில்லை. ஆகவே கிஷ்கிந்தாவுக்கு எதிராக நான் தொடுத்த வழக்கைப் பாதியில் மீட்டுக்கொண்டேன். உரிப்பொருள் பற்றிய என் ஐயம் மட்டும் தீரவில்லை.

கேட்பவன் காது பெயரை மாற்றியே தீர வைத்ததற்குப் பிரான்ஸ் நாடு சான்று. வால்ட் டிஸ்னியின் நிறுவனத்தார் 1992ஆம் ஆண்டு சித்திரையிற் பாரிஸுக்கு அருகே ஒரு பூங்காவைத் திறந்து 'யூரோ டிஸ்னி' என்று பெயரிட்டனர். அமெரிக்கர் செவிக்கு யூரோ என்ற அடை நாகரிகமும் கவர்ச்சியும் உடையதாக ஒலித்தது. ஐரோப்பியருக்கோ அது வாணிகத்தையும் நாணயத்தையும் நினைவூட்டும் அலுவலகச் சொல். மாய மாளிகைக்குப் போகப் புறப்பட்டவனை வங்கிவாசலில் நிறுத்துவது போன்றது அது. 1994இல் 'டிஸ்னிலாண்ட் பாரிஸ்' என்று மாற்றிவிட்டனர். செல்வமிக்க நிறுவனம், பெயரிடுவதற்கென்றே ஆள் வைத்திருப்பவர்கள். அவர்களுக்கும் இது நேர்ந்தது.

அவர்களது மூத்த பூங்கா 1955ஆம் ஆண்டு ஆடியிற் கலிபோர்னியாவில் திறக்கப்பட்ட டிஸ்னிலாண்ட். அதன் உட்பிரிவுகளுள் ஒன்றுக்கு 'டுமாறோலாண்ட்', அதாவது நாளைய நாடு, என்று பெயர். 1986ஆம் ஆண்டிலே உலகம் எவ்வாறிருக்கும் என்பதைக் காட்டுவதாக அது தொடங்கப்பெற்றது. 1986 வந்தது, போயிற்று. நாளை என்று பெயர் பூண்டது நேற்றாகிவிட்டது. பலமுறை திருத்திக் கட்டி, 1998இல், பழங்காலத்தார் கனவுகண்ட எதிர்காலம் என்னும் பாங்கிலே அதை மாற்றியமைத்தனர். காலத்தைப் பெயராகச் சூடுவோர் இதனை எண்ணிப் பார்த்தல் நலம். எம் பக்கத்தில் 'நவீன' என்று தொடங்கும் கடைகள் பலவற்றின் பலகைகளில் வண்ணம் உரிந்து கிடக்கிறது.

இடம்பெயர்ந்து பொருளிழந்த பெயர் ஒன்று அமெரிக்காவிலேயே உண்டு. டெக்சஸ் மாநிலத்தில் 1961இல் எழுந்த பூங்காவுக்கு, அம்மண்ணில் வெவ்வேறு காலங்களிற் பறந்த ஆறு அரசுகளின் கொடிகளைக் குறித்து 'ஸிக்ஸ் பிளாக்ஸ்' என்று பெயரிட்டனர். ஸ்பெயின், பிரான்ஸ், மெக்சிகோ, தனிக் குடியரசாக நின்ற டெக்சஸ், ஐக்கிய அமெரிக்கா, அதனின்று பிரிந்த தென்மாநிலக் கூட்டமைப்பு என்பன அவை. பூங்காவையும் ஆறு பகுதிகளாகவே வகுத்தனர். வரலாறும் பெயரும் அமைப்பும் இத்துணை இசைந்த வேறொரு பூங்காவை நான் அறியேன். வாணிகம் வளர்ந்தது. அந்த ஆறு கொடிகள் ஒருகாலும் பறந்திராத நியூ ஜெர்சி போன்ற மாநிலங்களிலும் அதே பெயரிற் பூங்காக்கள் தோன்றின. அங்குப் போகும் பிள்ளைக்கு ஆறு என்பது என்ன, கொடி என்பது எது? காரணப்பெயராகப் பிறந்தது இடுகுறியாக முடிந்தது. பவணந்தியார் இருந்தால் ஒரு சூத்திரம் கூட்டியிருப்பார்.

அண்மையில் உள்ளவற்றைச் சுருக்கமாகச் சொல்லிச் செல்கிறேன். சென்னைக் கடற்கரைச் சாலையில் 'எம்ஜிஎம் டிஸ்ஸி வேர்ல்ட்' என்று ஒன்று. டிஸ்னியின் எதிரொலியாகக் கேட்பினும், தலைசுற்றும் உலகம் என்ற பொருளில் அது மெய் பேசும் பெயர். நீலமலை அடிவாரத்து மேட்டுப்பாளையத்தில் நீர்விளையாட்டுக்கு உரிய 'பிளாக் தண்டர்'. மழைமுகில் தங்கும் மலையின் கீழ்க் கரிய இடி என்பது பொருந்தாமற் போகவில்லை, தமிழிற் சொல்லியிருந்தால் இன்னும் முழங்கியிருக்கும். மதுரைப் பரவையில் 'அதிசயம்'. தமிழ்ப்பெயர் என்பதற்காக வாழ்த்தலாம், எந்தப் பூங்காவுக்கும் பொருந்தும் என்பதற்காகச் சற்றே குறைசொல்லலாம். நம் நாட்டிற் பண்டாரகமவில் 'பேர்ள் பே' என்னும் நீர்ப்பூங்கா. முத்துவிரிகுடா என்பது அதன் பொருள். பண்டாரகம கடலோரத்து ஊர் அன்று. அங்கே குடாவும் இல்லை, முத்துச்சிப்பியும் இல்லை. முத்துக் குளித்த கடல் மன்னாரிலே சிலாபத்துறைப் பக்கம் இருக்கிறது. கேட்க இனிமையாக இருக்கிறதே என்பார் உளர். எம் இளைஞர் கண்ட 'டொல்பின் லாண்ட்' கூடக் கேட்க இனிமையானதுதான்.

இவ்வளவு தூரம் அலைந்து திரும்பியபோது, பெயரிடும் கலையை எம் வாவிக்கரையார் எவரிடமும் கற்கவேண்டியதில்லை என்ற எண்ணம் மேலோங்கியது. வரைபடத்தை எடுத்து ஊர்களை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். நாவற்குடா, தாழங்குடா, புன்னைக்குடா, பாசிக்குடா. முன்னே நிற்பது மரமும் செடியும் ஆகிய கரு. பின்னே நிற்பது நிலத்தின் வடிவாகிய முதல். புளியந்தீவு, மகிழடித்தீவு, கொக்கட்டிச்சோலை என்பனவும் இவ்வாறே அமைந்தன. பாலமீன்மடு என்றால் மீனும் மடுவும் கண்முன் வருகின்றன. தொல்காப்பியம் கல்லாத வலைஞரும் உழவரும் இட்ட பெயர்களிலே தொல்காப்பிய நெறி இருக்கிறது.

இவை எல்லாவற்றுக்கும் மேலாக நான் மதிப்பவை எழுவான்கரை, படுவான்கரை என்ற இரண்டும். வாவி நிலத்தை இரண்டாக வகிர்ந்து தெற்குவடக்காக நீண்டு கிடக்கிறது. கிழக்கே கடலோரமாக உள்ளது எழுவான்கரை. ஞாயிறு எழும் பக்கம். மேற்கே வயல்வெளியாக விரிவது படுவான்கரை. ஞாயிறு படும் பக்கம். நடுவே தோணியில் நிற்கும் ஒருவன் இருபுறமும் கைகாட்டி இட்ட பெயர்கள் இவை என்பதில் எனக்கு ஐயமில்லை. நிலத்தில் நிற்பவனுக்கு இப்பெயர்கள் தோன்றா. நிலம், பொழுது, பார்ப்பவன் நிற்கும் இடம் மூன்றையும் ஒரு சொல்லில் வைத்தவன் யாரோ, அவனுக்குச் சிலையில்லை.

மேலிடத்தார் இட்ட பெயர் இங்கே நிலைத்ததுமில்லை. 1928இல் திறந்த பாலத்துக்கு ஆள்பதியாயிருந்த மானிங் துரையின் மனைவியார் பெயரைச் சூட்டினர். கல்லிலே பொறித்தும் பயனில்லை. மக்களுக்கு அது அன்றும் இன்றும் கல்லடிப் பாலம். 2013இல் அதன் அருகே புதிய பாலம் திறந்தபின்னும் அப்பெயரே தொடர்கிறது.

ஆனால் இப்பெயர்களுக்கும் ஒரு துயர் உண்டு. 1978 நவம்பர் 23இல் வீசிய சூறாவளி இம்மாவட்டத்து மரங்களை முறித்தெறிந்தது. 2004 டிசம்பர் 26இல் வந்த கடற்கோள் நாவலடியை வாரிச் சென்றது. மரம் போன இடத்திலும் மனிதர் போன இடத்திலும் பெயர் மட்டும் நின்றுகொண்டிருக்கிறது. பெயர் பொருந்துகிறதா என்ற வினா அங்கே சிறுவர் பூங்காவைப் பற்றிய பொழுதுபோக்கு வினாவாக இருப்பதில்லை. பெயரைக் காட்டி, இங்கே இன்ன மரம் இருந்தது, மீண்டும் நடுக என்று கேட்க இடமிருக்கிறது.

இதனை எண்ணியபோதுதான் இளைஞர் எனக்காகச் சேர்த்த மூன்றாவது பெயர் என்னைப் பிடித்துக்கொண்டது. மீன்பாடும் தேனாடு என்று இந்நாட்டை வழங்குகிறோம். மேடையிலே பேசுவோர் இதனைச் சொல்லாமற் பேச்சைத் தொடங்குவதில்லை. அந்தப் பெயரை என் உரைகல்லில் வைத்தேனா என்று என்னையே கேட்டுக்கொண்டேன்.

இலங்கையில் குடியேற்ற நாட்டுச் செயலாளராக இருந்த எமர்சன் டெனன்ற் 1848இல் மட்டக்களப்புக்கு வந்து, நிலவிரவிலே தோணியேறி இவ்வோசையைக் கேட்டார். 1859இல் வெளியான தம் நூலில் அதை விவரித்துள்ளார். ஒரே நாதமாக இன்றி, நுண்ணிய பல ஒலிகள், மெல்லியவும் கனத்தவும் கலந்து, ஈரவிரலாற் கண்ணாடிக் கிண்ணத்து விளிம்பைத் தேய்த்தாற்போல எழுந்தன என்பது அவர் தரும் செய்தி. தோணிப் பலகையில் காதை வைத்தபோது ஒலி மிகுந்ததாம். அவ்வொலியை எழுப்புவது எது என்று வலைஞரைக் கேட்டார். அவர்கள் மீன் என்று சொல்லவில்லை, ஊரி என்றனர். சேற்றில் வாழும் ஓட்டுயிர் அது. ஊரி அழுகிறது என்ற கருத்துப்பட அவர்கள் சொன்ன தொடரையும் அவர் தம் காதுக்குக் கேட்டபடி எழுதிவைத்தார். சுவாமி விபுலாநந்தரோ இதே ஓசையை நீரரமகளிரின் இன்னிசையாகக் கண்டு பாடினார். வலைஞனுக்கு ஊரி, நகரத்தானுக்கு மீன், யாழ் நூல் கண்ட முனிவருக்கு நீரரமகளிர். பாடுவது எது என்பதில் அறிஞரும் ஒருமுடிபுக்கு வந்திலர். ஆயினும் வலைஞர் அழுகை என்று சொன்னதை நான் எளிதில் விடமாட்டேன். நெய்தலுக்கு உரிப்பொருள் இரங்கல் அன்றோ!

ஆகவே, மீன் என்ற பாதி ஐயத்துக்குரியது; அதை விட்டுவிடலாம். பாடும் என்ற பாதிதான் இப்பெயரின் உயிர். அந்தப் பாட்டு மெல்லிது. நிலவு வேண்டும், காற்று அடங்க வேண்டும், துடுப்பை நீரிலே நிறுத்தி மறுநுனியிற் காதை வைக்கும் பொறுமையும் வேண்டும். என் இளமையிற் கல்லடிப் பாலத்தருகே தந்தையாரோடு தோணியிலிருந்து இருமுறை கேட்டிருக்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் மாணவர் பதினால்வரை அழைத்துச் சென்றேன். கேட்டவை பாலத்து வண்டிகளின் இரைச்சல், இயந்திரப் படகு ஒன்று, கரையில் எங்கோ ஒரு விழாவின் திரைப்பாட்டு. ஒரு சிறுவன் மட்டும் தனக்குக் கேட்டது என்று சாதித்தான். என்னை வருந்தவிடக்கூடாது என்று அவன் சொன்னதாகவே இன்றும் நினைக்கிறேன்.

தவணை முடிந்த நாளில் அறுவரும் வந்தனர்.

"மூன்றாவது பெயரையே வையுங்கள்" என்றேன். அவர்களுக்கு வியப்பும் சிறிது ஏமாற்றமும். "ஆனால் ஒரு கட்டுப்பாடு. போயா இரவுகளில் உங்கள் ஒலிபெருக்கி வாய்மூட வேண்டும். அன்னப்படகுகளைக் கட்டிவிட வேண்டும். பழைய தோணி ஒன்றும் நல்ல மரத்துடுப்பு இரண்டும் கரையில் இருக்கவேண்டும். காதை வைத்துக் கேட்க விரும்பும் பிள்ளையைக் காசு வாங்காமல் ஏற்றிச் செல்ல ஒருவர் வேண்டும். இவ்வளவும் இயலாதாயின் லகூன் வேர்ல்ட் என்றே வைத்துவிடுங்கள். அதில் ஒரு பொய்யும் இல்லை. லகூன் எப்படியும் இருக்கும்."

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டனர். "ஒலிபெருக்கிக்காரருக்கு முற்பணம் கொடுத்துவிட்டோமே ஐயா" என்றார் படம் கீறுவதாகச் சொன்ன தம்பி. "மாதத்திற்கு ஒருநாள்தானே" என்றாள் அந்தப் பிள்ளை. அதன்மேல் அவர்களுக்குள்ளே வாதம் தொடங்கிற்று. கேட்டுச் சொல்கிறோம் என்று எழுந்து, படலைவரையும் வாதித்துக்கொண்டே போனார்கள்.

அடுத்த போயாவுக்கு இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது. அவர்கள் திரும்பி வரவில்லை. பெயர்ப்பலகை எழுதுபவர் மட்டும் நேற்றுக் காலையில் வந்து, மீன் என்பதையும் பாடும் என்பதையும் சேர்த்தெழுதுவதா, பிரித்தெழுதுவதா என்று கேட்டுப் போனார். சேர்த்தெழுதச் சொன்னேன்.